அடிச்சு இறக்கிடலாமா? பல வருஷம் நின்ன பைக்ல போரோட ஒட்டிக்கிட்ட பிஸ்டன் பத்தி

கேள்வி சுருக்கமா இதுதான். 350 சிசி பழைய சிங்கிள் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், காஸ்ட் அயர்ன் பேரல் (பிஸ்டன் ஓடற சிலிண்டர், அதோட உள் ஓட்டைதான் போர்), பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஓரமா நின்னிருக்கு. கிக்கர் மேல ஏறி நின்னாலும் இறங்கல. பிளக் ஓட்டை வழியா டீசல் ஊத்தி மூணு நாள் ஆச்சு, அசையவே இல்ல. பார்க்க வந்த மெக்கானிக் ஹெட்டை கழட்டிட்டு கட்டையை வச்சு நாலு போடு போட்டா இறங்கிடும்னு சொல்றாரு. அடிக்கலாமா?

இப்போ வேணாம். பின்னாடி ஒரு கட்டத்துல லேசா தட்டுறதுக்கு இடம் இருக்கு, அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு. மூணு நாள்லாம் ஒரு கணக்கே இல்லீங்க. பதினஞ்சு வருஷம் உக்காந்து பிடிச்ச துரு மூணு நாள்ல விட்ருமா? நான் முதல்ல எடுத்த பழைய இன்ஜின்ல இதே அவசரம்தான் எனக்கும். கிக்கர்ல ஏறி குதிச்சேன், உள்ள கிக் கியரோட பல்லு ரெண்டு உடைஞ்சு ஆயில்ல விழுந்துச்சு. சரின்னு ஹெட்டை கழட்டி ஒரு இரும்பு ராடை பிஸ்டன் தலையில வச்சு அடிச்சேன், நாலாவது அடியில ராடு பிஸ்டனை பொத்துக்கிட்டு உள்ள போயிருச்சு, சரியா ஒரு ரூபா காசு அளவுக்கு ஓட்டை. பிஸ்டன் மட்டும் இருந்த எடத்துலயே இருந்துச்சு.

அதனால ஸ்பேனரை கையில எடுக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க, இந்த இன்ஜின்ல எதை பலி குடுக்கலாம், எதை குடுக்கவே கூடாது. பிஸ்டனும் அதை சுத்தி இருக்கற ரிங்கும் போனா போகட்டும், எப்படியும் பேரலை ரீபோர் பண்ணி, அதாவது போரை கடைஞ்சு பெருசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடற மாதிரிதான் வரும். பேரல் அதுக்கு அடுத்து, உள்ள குழி விழுந்திருந்தாலும் ஸ்லீவ், அதாவது உள்ள ஒரு புது குழாய், அடிச்சு மீட்டுடலாம், ஆனா ஃபின் (வெளியில சூடு தணிக்கற தகடு) உடைஞ்சா அது உடைஞ்சதுதான். கிராங்கும் (பிஸ்டன் ஏறி இறங்க சுத்தற தண்டு) அதை மூடியிருக்கற கிராங்க் கேஸும் கடைசி, அது போச்சுன்னா பழைய வண்டிக்கு தேடி அலையணும், இன்ஜின் நம்பர் இருக்கற கேஸ்னா இன்னும் தலைவலி. இப்போ சுத்தியல் என்ன பண்ணுதுன்னு பாருங்க. பிஸ்டன் தலையில விழற ஒவ்வொரு அடியும் கட்ஜன் பின் (பிஸ்டனை ராடோட சேர்க்கறது), கனெக்டிங் ராடு, பிக் எண்ட் (ராடோட கிராங்க் பக்க முனை; பிஸ்டன் பக்க முனை ஸ்மால் எண்ட்), கிராங்க் பின், மெயின் பேரிங்னு வரிசையா இறங்கி கேஸ்ல போய் முடியுது. பழைய சிங்கிள்ல கிராங்க் பெரும்பாலும் ஒரே பீஸா இருக்காது, ரெண்டு ஃப்ளைவீலை ஒரு பின்னால சேர்த்து அலைன்மென்ட் பார்த்து வச்சிருப்பாங்க. அது ஒரு நூல் அளவு திருகிக்கிட்டாலும் வண்டி ஓடும்போது கை மரத்துப் போற அளவுக்கு அதிரும். அதாவது மலிவான சாமானை காப்பாத்தறேன்னு விலைமதிப்பான சாமானை அடிக்கிறோம்.

அடுத்தது, ஒட்டியிருக்கறது பிஸ்டன்தானான்னு உறுதி பண்ணிக்கிட்டீங்களா? கிக்கர் இறங்கலன்னா உடனே பிஸ்டன்னு முடிவு பண்ணிடறாங்க. கிக்கர் மெக்கானிசமே ஜாம் ஆகியிருக்கலாம், கியர் பாக்ஸ்ல தண்ணி போய் பேரிங் துரு பிடிச்சிருக்கலாம், வால்வு கைடுல ஒட்டிக்கிட்டு நிக்கலாம், டைமிங் பக்கம் ஏதாவது பிடிச்சிருக்கலாம். பிரைமரி செயினை கழட்டிட்டு கிராங்க் நட்டுல ஸ்பேனர் போட்டு லேசா, கை பலம் மட்டும் குடுத்து ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் லொட லொடன்னு ஆடி டக்குன்னு கெட்டியா நின்னா, அந்த ஆட்டம் பிக் எண்ட், ஸ்மால் எண்ட் தேய்மானம், நிக்கிற இடம் பிஸ்டன். துளி கூட ஆடலன்னா கீழ மெயின் பேரிங் பிடிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ஸ்பேனருக்கு பைப் போட்டு நீட்டாதீங்க, கீ வெட்டிக்கும். சில இன்ஜின்ல அந்த நட்டு இடது மரையா வேற இருக்கும்.

இனி துரு எப்படி பிடிச்சிருக்குங்கறதுக்கு வரேன், ஏன்னா பிஸ்டனை எந்த பக்கம் நகத்தணும்ங்கறது இதுலதான் இருக்கு. நிறுத்தி வச்ச வண்டில தண்ணி வர்ற வழி மூணு. பிளக் கழட்டின ஓட்டை, திறந்து நிக்கிற எக்ஸாஸ்ட் வால்வு வழியா சைலன்சர் பக்கம் இருந்து, இல்லன்னா கார்புரேட்டர் கழட்டின இன்டேக் பக்கம். வந்த தண்ணியும் ஈரமும் பிஸ்டன் தலை மேல தேங்கும், பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவுல இருக்கற மயிரிழை இடைவெளில இறங்கி டாப் ரிங்ல போய் உக்காரும். ரிங்கும் காஸ்ட் அயர்ன், போரும் காஸ்ட் அயர்ன், ரெண்டும் சேர்ந்து துரு பிடிக்கும். துரு, அது தின்ன இரும்பை விட குறைஞ்சது ரெண்டு மடங்கு இடம் எடுக்கும், அதான் ஆப்பு அடிச்ச மாதிரி இறுகறது. சுத்தியும் அலுமினியமும் பூத்து வெள்ளைப் பொடியா அடைச்சுக்கும். ஆனா பிஸ்டனுக்கு கீழ, கிராங்க் கேஸ் பக்கம் இருக்கற போர்ல பழைய ஆயில் படிஞ்சிருக்கும், அங்க பெரும்பாலும் துருவே இருக்காது. அப்போ என்ன அர்த்தம்? மேல் பக்கம் துருப்பிடிச்ச போர், கீழ் பக்கம் சுத்தமான போர். பிஸ்டன் போகணும்னா கீழதான் போகணும். கிராங்கை சுத்தி மேல தூக்கப் பார்த்தா ரிங் நேரா போய் துருமேட்டுல முட்டும், முன்ன விட மோசமா மாட்டிக்கும். இதை யாரும் முன்னாடியே எனக்கு சொல்லல, ரெண்டு ரிங் லேண்டை (பிஸ்டன்ல ரிங் பள்ளங்களுக்கு நடுவுல இருக்கற மேடு) உடைச்சுதான் கத்துக்கிட்டேன்.

இன்னொரு விஷயம், ஓடிட்டு இருக்கும்போதே ஆயில் இல்லாம பிடிச்ச பிஸ்டன் வேற கதை. அங்க அலுமினியம் உருகி போர்ல இழுபட்டு ஒட்டியிருக்கும், ஊற வைக்கறதால பெரிய பிரயோஜனம் கிடையாது. வண்டி ஓட்டத்துல நின்னதா, நிறுத்தி வச்சு நின்னதான்னு முந்தின ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கோங்க.

இப்போ பிஸ்டன் எங்க நிக்குதுன்னு அளக்கணும். ஹெட் கழட்ட வேண்டாம். பிளக் ஓட்டைல மெல்லிசான கம்பியை விட்டு பிஸ்டன் தலையை தொடும்போது ஓட்டை விளிம்புல மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. பிளக் சரிஞ்சு இருந்தா அளவு துல்லியமா வராது, பரவால்ல, தோராயமா போதும். உதாரணத்துக்கு பழைய 350 புல்லட்னா போர் 70 மி.மீ, ஸ்ட்ரோக் 90 மி.மீ. பிஸ்டன் உச்சில நிக்குதா, நடுவுல நிக்குதா, அடியில கிடக்குதான்னு தெரிஞ்சா போதும், வேலையே அதுக்கு தகுந்த மாதிரி மாறும். நடுவுல நின்னா நல்ல நேரம், மேல இருந்து அழுத்தினா கிராங்க் சுத்திக்கிட்டு வழி விடும். உச்சில, அதாவது மேல இருந்து 4, 5 மி.மீக்குள்ள நின்னா ராடும் கிராங்கும் நேர்கோட்டுக்கு பக்கத்துல நிக்கும், மேல இருந்து அழுத்தினா அது சுலபத்துல சுத்தாது, பெரும்பாலான பாரம் பேரிங்லதான் போய் உக்காரும். ஆனா அதே இடத்துல கிராங்க் நட்டுல மெதுவா திருப்பினா பிஸ்டனுக்கு கிடைக்கிற இழுவை ரொம்ப ரொம்ப அதிகம், கொஞ்சூண்டு நகரும் ஆனா பயங்கர பலத்தோட நகரும். அதனால உச்சில நின்னா கிராங்க் பக்கம் இருந்து, நடுவுல நின்னா பிஸ்டன் பக்கம் இருந்து.

ஊற வைக்கிறதுக்கு டீசல் மோசமில்ல, ஆனா அதை விட நல்லது இருக்கு. ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்ல ஊத்தறது) அசிட்டோனும் பாதிக்கு பாதி கலந்து ஊத்துறது பழைய வண்டிக்காரங்க பலரும் பண்றது. ரெண்டும் தானா கலக்காது, ஒவ்வொரு தடவையும் பாட்டிலை நல்லா குலுக்கிட்டு உடனே ஊத்தணும், கொஞ்ச நேரத்துல அசிட்டோன் ஆவியாயிடும், அது ஆயிலை இடுக்குக்குள்ள இழுத்துட்டு போறதுக்குதான். பெயின்ட் மேல பட்டா பெயின்ட் கோவிந்தா, ரப்பர் சீலுக்கும் ஆகாது, நெருப்பு பக்கத்துல கூடவே கூடாது. டபிள்யூடி-40 அடிச்சேன் ஒண்ணும் ஆகலன்னு நிறைய பேர் சொல்வாங்க, அதோட பேரே தண்ணியை விரட்டுற 40வது கலவைன்னுதான் அர்த்தம், வருஷக்கணக்கான துருவுக்குள்ள இறங்கறதுக்குன்னே இருக்கற பெனட்ரேட்டிங் ஆயில் வேற, அதை தேடி வாங்குங்க. எதை ஊத்தினாலும் சரி, முக்கியமான வேலை ஊத்துறது இல்ல, அளவை கவனிக்கறது. அதே கம்பியை விட்டு ஆயில் மட்டம் எங்க இருக்குன்னு கோடு போட்டு வைங்க, தினமும் ஒரு தடவை பாருங்க. ஒரு மணி நேரத்துல மொத்தமும் காலின்னா வால்வு திறந்து கிடக்கு, ஆயில் அந்த வழியா ஓடிருச்சு, டேப்பெட்டை (வால்வை தள்ளற பாகம்) தளத்தி ரெண்டு வால்வும் மூடற மாதிரி பண்ணிட்டு மறுபடி ஊத்துங்க. ஒரு வாரமா மட்டம் அப்படியே நின்னா ஆயில் ரிங் வரைக்கும் போகவே இல்லன்னு அர்த்தம். ரெண்டு நாளைக்கு ஒரு மி.மீ ரெண்டு மி.மீன்னு இறங்குச்சுன்னா அதுதான் வேணும், ரிங்கை தாண்டி ஆயில் போய்ட்டு இருக்கு, அப்படியே விடுங்க. எனக்கு ஒண்ணு அஞ்சு வாரம் எடுத்துச்சு. வீட்ல எல்லாருக்கும் அந்த இன்ஜின் ஒரு கேலியாவே ஆயிடுச்சு.

ஊறிக்கிட்டு இருக்கும்போது தினமும் ஒரு தடவை கிராங்க் நட்டுல ஸ்பேனர் போட்டு மிதமா ஒரு அழுத்து இந்தப் பக்கம், ஒரு அழுத்து அந்தப் பக்கம். கியர் பாக்ஸ் நல்லா இருந்து பிரைமரி செயினும் மாட்டியிருந்தா, டாப் கியர்ல போட்டு பின் வீலை கையால முன்னும் பின்னுமா ஆட்டலாம், டாப் கியர்லதான் வீல்ல இருந்து கிராங்குக்கு பலம் அதிகமா போகும், முதல் கியர்ல போட்டு ஆட்டுறது வீண். ஆளை விட்டு வண்டியை தள்ள சொல்லி கிளட்சை விடற வேலை எல்லாம் வேணாம்.

சூடு. இதுல நிறைய பேர் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க, சூடு பண்ணா எல்லாம் விரிஞ்சு கழண்டுரும்னு. பிஸ்டன் அலுமினியம், பேரல் காஸ்ட் அயர்ன், அலுமினியம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். 70 மி.மீ பிஸ்டனை 100 டிகிரி சூடேத்தினா 0.16 மி.மீ பெருசாகும், அதே சூட்டுக்கு பேரல் 0.08 மி.மீ கூட விரியாது. ரெண்டும் ஒரே சூட்டுல இருந்தா பிஸ்டன் இன்னும் இறுக்கமாத்தான் ஆகும். அப்புறம் ஏன் சூடு வேலை செய்யுது? ரெண்டு காரணம். ஒண்ணு, வெளியில இருந்து பேரலை வேகமா சூடேத்தினா முதல் ரெண்டு மூணு நிமிஷம் பிஸ்டன் குளிராவே இருக்கும், அந்த சின்ன நேரத்துக்கு பேரல் மட்டும் விரிஞ்சிருக்கும், அப்போ அழுத்தணும். இன்னொண்ணு எனக்கு இதை விட பிடிச்சது, நல்லா சூடேத்தி அப்படியே விட்டு முழுசா ஆற விடறது. விரியும்போது பிஸ்டன் துருவை நசுக்கி பொடியாக்கும், ஆறும்போது பிஸ்டன் அதிகமா சுருங்கி இடைவெளி விடும், மேல நிக்கிற ஆயிலை அந்த இடைவெளி உறிஞ்சிக்கும். சாயங்காலம் சூடு, ராத்திரி பூரா ஆறட்டும், காலைல ஆயில் மட்டம் பாருங்க. இப்படி நாலஞ்சு தடவை பண்ணா ஊற வைக்கிறதுல ஒரு மாசத்துல நடக்கறது ஒரு வாரத்துல நடக்கும்.

சூட்டுக்கு ஹாட் ஏர் கன் போதும், கேஸ் டார்ச்னா ஃபின் மேல ஒரே எடத்துல நிறுத்தாம சுத்தி சுத்தி காட்டணும். எவ்வளவு சூடுன்னு தெரியணும்னா ஒரு சொட்டு தண்ணியை விடுங்க, சுர்ருன்னு கொதிச்சு போச்சுன்னா 100 டிகிரியை தாண்டிருச்சு, தோசைக்கல்லுல ஓடற மாதிரி உருண்டையா உருண்டு ஓடிச்சுன்னா 200 பக்கம் போயிருச்சு, அதோட நிறுத்துங்க. டார்ச்சை கிராங்க் கேஸ் பக்கம் காட்டவே காட்டாதீங்க, அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை பண்ணாது, 660 டிகிரிக்கு முன்னாடியே பொத்துன்னு உக்காரும். சூடான காஸ்ட் அயர்ன் மேல பச்சத்தண்ணி ஊத்தினா விரிசல் விடும். டார்ச் எடுக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேங்கை கழட்டி வேற எடத்துல வைங்க, முந்தின நாள் அசிட்டோன் கலவை ஊத்தியிருந்தா அன்னிக்கு நெருப்பே வேணாம், ஹாட் ஏர் கன்னும் வேணாம், நல்லா காத்தாட விட்டு ஆவி முழுக்க போன பிறகு பாத்துக்கலாம்.

இதுக்கெல்லாம் மசியலன்னா பலம் குடுக்கணும். இந்த இடத்துல ஒரு விஷயத்தை நல்லா யோசிங்க, அந்த பலம் எங்க போய் முடியுதுங்கறது. பேரல் கேஸ்ல போல்ட் போட்டு இறுக்கியிருக்கும்போது பிஸ்டனை அழுத்தினா கிராங்குதான் வாங்கிக்கும். பேரலோட அடி நட்டுங்களை கழட்டிட்டு, பேரலையே பிடிச்சுக்கிட்டு பிஸ்டனை கீழ தள்ளினா? அப்போ பிஸ்டன் கீழ போறதும் பேரல் மேல வர்றதும் ஒண்ணுதான், பலம் ரெண்டுக்கும் நடுவுலயே முடிஞ்சிரும், ராடுக்கும் கிராங்குக்கும் பாரமே போகாது. பிஸ்டன் உச்சில மாட்டியிருந்தாலும் இது வேலை செய்யும், பேரல் மேல எழும்பி வந்துரும். எப்படின்னா, ஹெட்டை கழட்டிட்டு, ஹெட் போல்ட் ஓட்டைக்கு பொருந்தற மாதிரி ஓட்டை போட்ட 12 மி.மீ கனமான இரும்பு பிளேட்டை பேரல் மேல போல்ட் பண்ணுங்க, பிளேட் நடுவுல ஒரு பெரிய நட்டை வெல்ட் பண்ணி அதுல ஒரு நீள போல்ட். பிஸ்டன் தலை மேல லேத்ல கடைஞ்ச கெட்டி மர வட்டம், அதுக்கு மேல ஒரு இரும்பு வில்லை, போல்ட் அதுல அழுத்தணும். மர வட்டம் போரை விட 2 மி.மீ சின்னதா இருக்கட்டும், பிஸ்டன் தலை குவிஞ்சு இருந்தா அதுக்கேத்த மாதிரி குடைஞ்சிருக்கணும், அப்போதான் பாரம் ஓரத்துக்கு, ரிங் பக்கத்துக்கு போகும். நடுவுல மட்டும் அழுத்தினா என்ன ஆகும்னு என்னோட காசளவு ஓட்டையே சாட்சி.

இந்த வேலைக்கு முன்னாடி பிஸ்டனுக்கு மேல தெரியற போரை உப்புத்தாள் போட்டு சுத்தம் பண்ணி ஆயில் தடவிடுங்க, ஒருவேளை பிஸ்டன் மேலயும் கீழயுமா ஆட ஆரம்பிச்சா துருவுல சிக்காம இருக்கும். போல்ட்டை ஒரு கால் திருப்பு இறுக்கி அப்படியே விட்டுட்டு போயிருங்க. மறுநாள் வந்து பார்த்தா பல தடவை போல்ட் தானா தளர்ந்திருக்கும், ராத்திரில பிஸ்டன் நகர்ந்திருக்குன்னு அர்த்தம். என்னோட அஞ்சு வார இன்ஜின் அப்படித்தான், ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கும்போது ஷெட்ல டக்குன்னு ஒரு சத்தம், டார்ச் லைட்டோட போய் பார்த்தா போல்ட் விரல்ல சுத்துது. அரை மி.மீதான் இறங்கியிருந்துச்சு, ஆனா அன்னிக்கு தூக்கமே வரல.

ஒண்ணு கவனிக்கணும், எல்லா இன்ஜின்லயும் ஹெட் போல்ட் பேரல்ல மரை ஏறாது. சிலதுல நீள ஸ்டட் கிராங்க் கேஸ்ல இருந்து கிளம்பி பேரலையும் ஹெட்டையும் சேர்த்து பிடிக்கும். அந்த மாதிரி இருந்தா பிளேட்டை ஸ்டட்ல மாட்டினா பலம் திரும்ப கேஸுக்கும் கிராங்குக்கும்தான் போகும், மேல சொன்ன லாபம் கிடைக்காது. மெதுவா, குறைச்சலா குடுங்க.

கிரீஸ் கன் வழியும் இருக்கு, ஹெட் கழண்டு வர மாட்டேங்குது, இல்ல ஹெட் போல்ட் உடைஞ்சிரும்னு பயமா இருக்குன்னா இதுதான் வழி. பழைய பிளக்கோட பீங்கானை உடைச்சு எடுத்துட்டு உள்ள மரை போட்டு கிரீஸ் நிப்பிள் மாட்டுங்க. ரெண்டு வால்வும் மூடியிருக்கணும், ராக்கரை எடுத்துட்டா மூடிக்கும். முதல்ல உள்ள இருக்கற இடத்தை ஆயில் ஊத்தி ரொப்பிடுங்க, காத்து இருக்கக் கூடாது, காத்தை அழுத்தினா வெடிக்கும், கிரீஸும் ஆயிலும் சுருங்காது, ஏதாவது விட்டாலும் பொசுக்குன்னு நின்னுடும். இதே காரணத்துக்காக கம்ப்ரசர் காத்தை பிளக் ஓட்டைல விடற யோசனை வந்தா மறந்துடுங்க. கணக்கை பாருங்க, 70 மி.மீ பிஸ்டனோட பரப்பு ஏறக்குறைய 38 சதுர செ.மீ, 100 பார் அழுத்தம் வந்தா கிட்டத்தட்ட 4 டன் பிஸ்டன் தலை மேல. அதே 4 டன் ஹெட்டை மேல தூக்கவும் பார்க்கும். இந்த மாதிரி பழைய குறைஞ்ச கம்ப்ரஷன் இன்ஜின் ஓடும்போது உள்ள வர்ற அழுத்தமே சுமார் 40 பார்தான், கையால அடிக்கிற கிரீஸ் கன் 300 பாரை சுலபமா தாண்டும். அதனால கைப்பிடி கெட்டியாச்சுன்னா நிறுத்துங்க, மேல மேல அடிக்காதீங்க, ராத்திரி பூரா அழுத்தத்துலயே நிக்கட்டும். விடும்போது கைப்பிடி திடீர்னு தொளதொளன்னு ஆகும், அந்த உணர்வு ஒரு தடவை கையில வந்தா மறக்காது. அதுக்கப்புறம் 60 மி.மீ இறக்கணும்னா 230 மில்லி கிரீஸ் உள்ள போகும், அதை வழிச்சு எடுக்கறதுக்கு ஒரு முழு சாயங்காலம் ஒதுக்கிக்கோங்க. ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்ல போர்ட் எல்லாம் பிஸ்டனால மூடியிருந்தாத்தான் இது ஆகும், இல்லன்னா கிரீஸ் சைலன்சர்ல போய் சேரும்.

மெக்கானிக் சொன்ன கட்டை வேலையை எப்போ பண்ணலாம்னா, பிஸ்டன் ஏற்கனவே ஒரு துளி அசைஞ்ச பிறகு. அப்போ அந்த மர வட்டத்து மேல மர சுத்தியால லேசா டொக்கு டொக்குன்னு நிறைய தடவை தட்டலாம், பலமா ஒண்ணு போடறதை விட மெல்ல நூறு தட்டுறது துருவை உதிர்க்கும். அது வரைக்கும் அவர்கிட்ட டீ குடுத்து உக்கார வைங்க.

எதுவுமே ஆகல, பிஸ்டனும் விடல பேரலும் எழும்பலன்னா, இன்ஜினை ஃப்ரேம்ல இருந்து இறக்கிடுங்க. கிராங்க் கேஸ் நெடுக்கா ரெண்டா பிரியற டைப்னா ஒரு அழகான வழி இருக்கு. பிஸ்டன் உச்சில இல்லாம இருந்தா பேரலும் பிஸ்டனும் சேர்ந்து ஒண்ணா மேல தூக்க வரும், கிராங்க் கூடவே சுத்தும். பேரலோட அடி விளிம்பு கேஸ் வாயை விட்டு வெளிய வந்துட்டா போதும், கேஸை ரெண்டா பிரிச்சுட்டு கிராங்க், ராடு, பிஸ்டன், பேரல் எல்லாம் ஒரே கொத்தா கையில எடுத்துடலாம். அந்த கொத்தை பேரலோட அடியில தாங்கு குடுத்து ஹைட்ராலிக் பிரஸ்ல நிறுத்தி, கிராங்க் கீழ தொங்க, மேல இருந்து பிஸ்டனை தள்ளிடலாம். கேஸும் பேரிங்கும் அந்த பக்கம் பத்திரமா மேஜை மேல இருக்கும்.

அதுக்கும் வரலன்னா பிஸ்டனை பலி குடுக்க வேண்டியதுதான். தலையில வட்டமா வரிசையா ட்ரில் போட்டு, நடு துண்டை எடுத்து, சுவரை ரெண்டு எடத்துல ஹேக்சா பிளேடால கவனமா அறுத்து உள்ள பக்கமா மடக்கறது. போர் பக்கம் ஒரு மி.மீ மீதி வச்சு நிறுத்துங்க, கடைசியை உளியால மடக்கிக்கலாம். காஸ்டிக் சோடா கரைசல்ல அலுமினியம் கரைஞ்சு இரும்பு அப்படியே நிக்கும்ங்கறதும் உண்மைதான், ஆனா அது ஹைட்ரஜன் வாயுவை விடும், கண்ணுல தெறிச்சா பார்வை போகும், இன்ஜின் மேல பேரல் இருக்கும்போது பண்ணா அலுமினிய கேஸையும் சேர்த்து தின்னும். தனியா கழட்டின காஸ்ட் அயர்ன் பேரலுக்கு மட்டும், அதுவும் கைப்பழக்கம் இருக்கறவங்களுக்கு மட்டும்.

பிஸ்டன் வெளிய தெரிய ஆரம்பிச்சதும் அவசரத்துல எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க, கட்ஜன் பின்னை பக்கவாட்டுல சுத்தியால அடிச்சு எடுக்கறது. இவ்வளவு நாள் காப்பாத்தின ராடு அங்க வளைஞ்சிரும். முதல்ல கேஸ் வாயை பழைய துணியால நல்லா அடைங்க, லாக் கிளிப் உள்ள விழுந்தா திரும்ப மொத்தமும் பிரிக்கணும். கிளிப்பை எடுத்துட்டு அந்த பள்ளத்தோட விளிம்புல இருக்கற பிசிரை கத்தி முனையால சுரண்டி எடுங்க, பின் பெரும்பாலும் மாட்டறது அந்த பிசிர்லதான். அப்புறம் கொதிக்கிற தண்ணில நனைச்ச துணியை பிஸ்டன் மேல சுத்தி அஞ்சு நிமிஷம் விடுங்க, இங்க அலுமினியம் அதிகமா விரியறது நமக்கு சாதகம், பின் பாதி நேரம் விரல்ல தள்ளினாலே வரும். வரலன்னா பின் உள்ள போற அளவு ஒரு பைப் துண்டு, பின் ஓட்டைக்குள்ள ஒரு நீள போல்ட், ரெண்டு வாஷர், ஒரு நட்டு, இதை வச்சு இழுத்துக்கலாம்.

எடுத்த பிறகு பிஸ்டன் பார்க்க நல்லா இருக்குன்னு அப்படியே மாட்டிடாதீங்க. ரிங் நின்ன எடத்துல போர்ல ஒரு கறுப்பு கோடு சுத்தி இருக்கும், நகத்தால தடவினா மாட்டுதான்னு பாருங்க, மாட்டினா ரீபோர், மாட்டலன்னா ஹோன் பண்ணி, அதாவது போரை கல்லால லேசா தேய்ச்சு, புது ரிங் போடலாம். 70 மி.மீ போருக்கு ரிங் கேப் 0.25ல இருந்து 0.30 மி.மீ இருக்கணும், ரிங்கை போர்ல தனியா விட்டு ஃபீலர் கேஜ் வச்சு பாருங்க. கிராங்க்ல ஊறின டீசலும் அசிட்டோனும் பேரிங்ல இருந்த ஆயிலை கழுவிட்டு போயிருக்கும், பழைய ஆயிலை முழுசா வடிச்சு, ஆயில் வழிகளை சுத்தம் பண்ணி, புது ஆயில் பேரிங் வரைக்கும் வருதான்னு பார்த்துட்டுத்தான் கிக்கரை தொடணும்.

இப்போதைக்கு ரெண்டு வேலை பண்ணுங்க. கம்பியை விட்டு பிஸ்டன் எத்தனை மி.மீ ஆழத்துல நிக்குதுன்னு அளந்துக்கோங்க, ஊத்தின டீசல் மட்டம் மூணு நாள்ல இறங்கியிருக்கா இல்லையான்னு பாருங்க. அந்த ரெண்டு நம்பரையும், ஹெட் போல்ட் பேரல்ல இறங்குதா கேஸ்ல இறங்குதாங்கறதையும் சொல்லுங்க, எந்த வழின்னு அதுக்கப்புறம் பேசலாம்.